கலப்பு மெய்ம்மை வீட்டு விளையாட்டுகள்

கலப்பு மெய்ம்மை வீட்டு விளையாட்டு என்பது, ஆடுபவர் நிற்கும் உண்மையான அறையைக் கண்ணுக்கு மறைக்காமல், அதே அறைக்குள் கணினி உருவாக்கிய பந்து, மேசை, வலை, எதிராளி ஆகியவற்றைச் சேர்த்துக் காட்டி, உடலை அசைத்து ஆடச் செய்யும் விளையாட்டு முறையாகும். ஆங்கிலத்தில் இதனை மிக்ஸ்டு ரியாலிட்டி என்கின்றனர். மேசைப்பந்து, குத்துச்சண்டை, பௌலிங், வில்வித்தை, சிறு கோல்ஃப் போன்ற பொழுதுபோக்கு ஆட்டங்கள் இம்முறையில் வீட்டுக்குள்ளேயே ஆடப்படுகின்றன.

இவ்விளையாட்டில் பந்து பொய், சுவர் மெய். எதிராளி படம், காலடியில் ஓடிவரும் குழந்தை நிஜம். இந்த இரண்டும் ஒரே பார்வையில் கலந்து தெரிவதுதான் இதன் சிறப்பு. இதன் ஆபத்தும் அதுவே. இக்கட்டுரை இவ்விளையாட்டு எப்படி வேலை செய்கிறது, நம் ஊர் வீடுகளில் அதை ஆட என்னென்ன கவனிக்க வேண்டும், உண்மையான விளையாட்டுக்கு அது எவ்வளவு ஈடாகும் என்பவற்றை விளக்குகிறது.

பெயரும் பொருளும்

பால் மில்கிராம், புமியோ கிஷினோ என்ற இரு ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மெய்யுலகத்தையும் கணினி உலகத்தையும் ஒரே கோட்டின் இரு முனைகளாகக் காட்டினர். ஒரு முனையில் நாம் அன்றாடம் காணும் உலகம். மறுமுனையில் முழுவதும் கணினியே வரைந்த உலகம். இரண்டுக்கும் இடையில் உள்ள பகுதி முழுவதையும் அவர்கள் கலப்பு மெய்ம்மை என்றனர்.

இதனை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் மாணவர்களுக்கு எளிதாக விளங்கும்.

மெய்நிகர் உண்மை: கண்ணை முழுவதும் மூடி, கணினி உலகத்தை மட்டும் காட்டுவது. ஆடுபவருக்குத் தன் வீடு தெரியாது.

மிகை மெய்ம்மை: மெய்யுலகின் மேல் படத்தையோ எழுத்தையோ ஒட்டிக் காட்டுவது. 2016ஆம் ஆண்டு ஜூலையில் வெளியான போக்கிமான் கோ இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு.

கலப்பு மெய்ம்மை: படம் மெய்யுலகில் ஒட்டிக் கிடப்பதோடு நில்லாமல், அந்த உலகத்தை அறிந்து நடந்துகொள்வது. மெய்நிகர் பந்து உண்மைச் சுவரில் பட்டுத் திரும்பும். கட்டிலுக்குப் பின்னால் போனால் மறையும். இன்றைய வழக்கில் கலப்பு மெய்ம்மை என்ற சொல் பெரும்பாலும் இந்தப் பொருளிலேயே ஆளப்படுகிறது.

கரிக்கோட்டு ஸ்டம்பும் பாண்டிக் கட்டமும்

கருவி புதிது, கருத்து நமக்குப் பழக்கமானது. தெருவில் கிரிக்கெட் ஆடும் சிறுவர்கள் சுவரில் கரிக்கட்டியால் மூன்று கோடு போட்டால் அதுவே ஸ்டம்ப். பந்து கோட்டில் பட்டதா, கோட்டுக்கு வெளியே பட்டதா என்று வழக்கு நடக்கும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் வரைந்தால் பாண்டி ஆடுகளம் தயார். வரைந்த கோடு காலைத் தடுப்பதில்லை. ஆனாலும் அதை மிதித்தால் ஆட்டம் போய்விடும்.

உண்மையான சுவர் மீதும் தரை மீதும் ஒரு கற்பனை விதியை ஏற்றி வைத்து, அந்த விதிக்கு உடலைக் கட்டுப்படுத்தி ஆடுவதே இவ்விளையாட்டுகளின் அடிப்படை. கலப்பு மெய்ம்மையில் அந்தக் கோட்டைக் கணினி வரைகிறது. பந்து கோட்டில் பட்டதா என்று தீர்ப்பும் அதுவே சொல்கிறது. வழக்குக்கு இடமில்லை. வழக்கிடும் கூட்டாளிகளும் பல நேரம் அருகில் இல்லை.

வரலாறு

கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, மேடையில் நிற்கும் நடிகருக்கு அருகில் ஆவி உருவம் தோன்றச் செய்யும் உத்தியை ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் 1862ஆம் ஆண்டு லண்டனில் காட்டினார். நிஜ மனிதரையும் தோற்ற உருவத்தையும் ஒரே பார்வையில் கலந்து காட்டிய பழைய முயற்சிகளில் இது புகழ்பெற்றது. இன்றும் கண்ணாடி வழியே பார்க்கும் வகைக் கருவிகள் இதே ஒளியியல் கொள்கையைப் பயன்படுத்துகின்றன.

1968ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து, தலையில் அணிந்து பார்க்கும் கணினித் திரை ஒன்றை அமைத்தார். கருவியின் எடை காரணமாக அதைக் கூரையிலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

விளையாட்டுக்கு நேராக வந்தால், 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் அமைக்கப்பட்ட கலப்பு மெய்ம்மை ஆய்வுக்கூடம் உருவாக்கிய ஏர் ஹாக்கி ஆட்டம் குறிப்பிடத்தக்கது. இருவர் உண்மையான மேசையின் இரு பக்கம் நின்று, கையிலுள்ள அடிப்பானால் இல்லாத வட்டை அடித்து ஆடினர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆட முடிந்தது. 2005ஆம் ஆண்டு ஆண்டர்ஸ் ஹென்றிசன், மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் முதலியோர் கைப்பேசியையே மட்டையாக்கி, மேசை மேல் வைத்த குறியீட்டுத் தாளின் மீது மெய்நிகர் பந்தை அடித்து ஆடும் டென்னிஸ் ஆட்டத்தைச் செய்து காட்டினர்.

வீடுகளுக்கு உடல் அசைவு விளையாட்டு பரவலாக வந்தது வேறு வழியில். 2006ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட வீ கருவியில், கையில் பிடித்த கட்டையை வீசினால் தொலைக்காட்சியில் டென்னிஸ் பந்து பறந்தது. வீசிய வேகத்தில் மணிக்கட்டு வார் அறுந்து, கட்டை தொலைக்காட்சி மீது பாய்ந்த நிகழ்வுகளும் நடந்தன. அதே ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனம் சுமார் 32 லட்சம் வார்களை வலுவானவையாக மாற்றித் தர முன்வந்தது. 2010ஆம் ஆண்டு நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்ட் கினெக்ட், கையில் எதுவும் பிடிக்காமலே உடலசைவைக் கண்டறிந்தது.

தலையில் அணியும் கருவிகளில், 2016ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸ் முதலில் நிரலாளர்களுக்கு வழங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மெட்டா குவெஸ்ட் 3, 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆப்பிள் விஷன் ப்ரோ, அதே ஆண்டு அக்டோபரில் விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ் ஆகியவை விற்பனைக்கு வந்தன. அறையை வண்ணத்தில் காட்டும் திறன் வீட்டுக் கருவிகளில் பரவியது இந்தக் காலத்தில்தான்.

செயல்படும் முறை

ஹெட்செட் எனப்படும் தலைக்கருவி ஒரே நேரத்தில் நான்கு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, அறையை அறிதல். கருவியின் வெளிப்புறத்தில் உள்ள கேமராக்கள் சுவரில் தொங்கும் நாட்காட்டி, சாமி படம், சன்னல் விளிம்பு, அலமாரி மூலை போன்ற அடையாளப் புள்ளிகளைத் தேடிக் குறித்துக்கொள்கின்றன. தலை திரும்பும்போது இப்புள்ளிகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதிலிருந்து, ஆடுபவர் எங்கே நிற்கிறார், எங்கே பார்க்கிறார் என்று கணினி கணக்கிடுகிறது. உள்ளே இருக்கும் அசைவு உணரிகள் இதற்குத் துணை செய்கின்றன. ஓடும் தொடர்வண்டியில் இருந்து வெளியே மரங்களைப் பார்த்து வண்டியின் வேகத்தை நாம் ஊகிப்பது போன்றது இது. சில கருவிகளில் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு தொலைவை அளக்கும் உணரியும் உண்டு. சுவர், தரை, கட்டில் ஆகியவற்றின் வடிவத்தை இவற்றைக் கொண்டு கருவி வரைந்துகொள்கிறது.

இரண்டாவது, அறையைக் காட்டுதல். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் கண்ணுக்கு முன்னால் இருப்பது கண்ணாடி அல்ல, திரை. கேமரா பிடித்த அறையின் காட்சியே அத்திரையில் உடனுக்குடன் ஓடுகிறது. எனவே ஆடுபவர் தன் வீட்டை நேரடியாகப் பார்ப்பதில்லை. வீட்டின் நேரலைப் படத்தைப் பார்க்கிறார்.

மூன்றாவது, மெய்நிகர் பொருளை இயக்குதல். பந்தின் வேகம், சுழற்சி, காற்றுத் தடை, மேசையில் பட்டு எழும் கோணம் ஆகியவற்றை இயற்பியல் விதிகளின்படி கணினி கணக்கிட்டு, நொடிக்கு 72 முதல் 120 முறை வரை புதிய படம் வரைகிறது.

நான்காவது, உணர்த்துதல். கையில் பிடிக்கும் கன்ட்ரோலர், பந்து பட்ட கணத்தில் அதிர்கிறது. பந்து எழுப்பும் ஒலி அது பட்ட திசையிலிருந்தே காதுக்கு வருகிறது.

காலத் தாமதம் என்னும் சிக்கல்

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பந்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 90 படம் வரையும் கருவியில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே சுமார் 11 மில்லி நொடி. அதற்குள் பந்து 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கேமரா பிடித்த காட்சி கண்ணுக்கு வந்து சேர 50 மில்லி நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் பந்து அரை மீட்டர் போய்விடும். தனது கருவியில் இத்தாமதம் 12 மில்லி நொடி என ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உண்மை கிடைக்கிறது. தலைக்கருவியை அணிந்துகொண்டு உண்மையான பந்தை அடிப்பது கடினம். நாம் பார்ப்பது பந்தின் பழைய இடம். மெய்நிகர் பந்தை அடிப்பது எளிது. அது அடுத்த கணம் எங்கே இருக்கும் என்பதைக் கணினி முன்கூட்டியே அறிந்து வரைந்துவிடும். இதே காரணத்தால், அறைக்குள் ஓடிவரும் குழந்தையோ பூனையோ கண்ணுக்குத் தெரிந்தாலும், சிறிது பிந்தியே தெரியும். வீடு தெரிகிறது என்ற நம்பிக்கையில் வெறுங்கண்ணோடு நிற்பது போல அசட்டையாக இருந்துவிடக் கூடாது.

மேசைப்பந்து ஏன் நன்றாகப் பொருந்துகிறது

இவ்வகை ஆட்டங்களில் மேசைப்பந்து பலராலும் விரும்பப்படுகிறது. லெவன் டேபிள் டென்னிஸ் என்ற செயலி இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. காரணங்கள் இரண்டு.

ஒன்று இடம். போட்டிக்குரிய மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், அதாவது ஏறக்குறைய 9 அடிக்கு 5 அடி. நம் வீடுகளில் வழக்கமான 12 அடிக்கு 10 அடி அறையில் இந்த மேசையைப் போட்டால் இரு முனையிலும் ஒன்றரை அடிதான் மிஞ்சும்; நின்று மட்டை வீச முடியாது. கலப்பு மெய்ம்மையில் ஆடுபவர் நிற்கும் பக்கம் மட்டும் இடம் இருந்தால் போதும். மேசையின் மறுமுனை சுவரைத் தாண்டிப் போனாலும் படமாக வரைந்துகொள்ளலாம். எதிராளி வேறொரு ஊரில் தன் வீட்டில் நின்று ஆடுபவராகவும் இருக்கலாம்.

மற்றொன்று எடை. மேசைப்பந்தின் எடை 2.7 கிராம் மட்டுமே. அது மட்டையில் மோதும் அடி மிக மெல்லியது. கன்ட்ரோலரின் சிறு அதிர்வே கையை நம்பவைத்துவிடும். கிரிக்கெட் பந்தின் எடையோ 156 முதல் 163 கிராம் வரை. மட்டையின் தவறான இடத்தில் பட்டால் முழங்கை வரை அதிர்வு ஏறும். அந்த அடியைச் சிறு அதிர்வால் ஈடுகட்ட முடியாது. பௌலிங்கில் 7 கிலோ வரை எடையுள்ள பந்துகள் உண்டு. வீட்டில் வீசுவது வெறுங்கையே. இலேசான பொருளைக் கொண்டு ஆடும் ஆட்டம் கலப்பு மெய்ம்மையில் உயிரோடு இருக்கும். கனமான பொருளைக் கொண்டு ஆடும் ஆட்டம் பாவனையாகிவிடும். ஒரு புதிய ஆட்டத்தை மதிப்பிட இந்த அளவுகோல் உதவும்.

இந்திய முயற்சிகளும் போட்டிகளும்

இந்தியாவில் ஐதராபாத்தைச் சேர்ந்த ப்ரோயுகா நிறுவனம், 2018ஆம் ஆண்டு ஐபி கிரிக்கெட் என்ற ஆட்டத்தை அறிமுகம் செய்தது. தலைக்கருவியை அணிந்து, பந்துவீச்சை எதிர்கொண்டு மட்டை வீசும் ஆட்டம் இது. கண்ணை மூடிக் கணினி மைதானத்தைக் காட்டுவதால் இது மெய்நிகர் உண்மை வகையைச் சேர்ந்தது. எனினும் வீட்டில் உடலசைத்து ஆடும் விளையாட்டில் நம் நாட்டவர் செய்த முயற்சி என்ற வகையில் குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில், சென்னை ஐஐடியில் இத்துறைக்கென எக்ஸ்டிஐசி என்ற ஆய்வு மையம் உள்ளது. இல்லாத பொருளைத் தொட்டது போன்ற உணர்வைக் கைக்குத் தரும் தொடு உணர்வுத் தொழில்நுட்பமும் அங்கு ஆராயப்படுகிறது. மேலே சொன்ன எடைச் சிக்கலுக்குத் தீர்வு வரவேண்டியது இத்தகைய ஆய்வுகளிலிருந்துதான். மாணவர்கள் இதனை ஒரு படிப்புத் துறையாகவும் கவனிக்கலாம்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிங்கப்பூரில் நடந்த ஒலிம்பிக் இ-விளையாட்டு வாரத்தில் மெய்நிகர் டேக்வாண்டோ இடம்பெற்றது. வீரர்கள் உடலில் உணரிகளைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே உதைத்தனர். அடி விழுந்ததோ திரையில் தெரிந்த உருவத்துக்கு. ஒருவரை ஒருவர் தொடாத ஆட்டம் என்பதால் ஆண், பெண் எனப் பிரிக்காமல் போட்டி நடத்த முடிந்தது.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டியவை

இக்கருவிகளின் கையேடுகள் பொதுவாக 2 மீட்டருக்கு 2 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறரை அடிச் சதுர வெற்றிடம் வேண்டும் என்கின்றன. அவை பெரும்பாலும் வெளிநாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் வீடுகளுக்குச் சில கூடுதல் குறிப்புகள் தேவை.

மின்விசிறி: நம் வீட்டு அறைகளில் தலைக்கு மேல் விசிறி இருக்கும். சதுரத்தைத் தரையில் அளப்பவர்கள் மேலே பார்க்க மறக்கிறார்கள். பூப்பந்து அடிப்பது போல எம்பிக் கையை உயர்த்தினால் இறக்கை எட்டக்கூடும். விசிறியை நிறுத்தினாலும் இறக்கை அங்கேதான் இருக்கும். விசிறிக்கு நேர் கீழே நிற்காமல் தள்ளி நிற்பது, குதிக்கும் ஆட்டத்தைத் தவிர்ப்பது ஆகியவை நல்ல வழிகள். பரண் விளிம்பையும் கவனிக்க வேண்டும்.

பீரோக் கண்ணாடியும் வெள்ளைச் சுவரும்: இரும்பு பீரோவில் பதித்த கண்ணாடி, எதிரே இன்னோர் அறை இருப்பது போல் கருவியை ஏமாற்றும். துணி போட்டு மூடிவிடலாம். எதுவும் மாட்டாத வெள்ளைச் சுவரும், பளபளக்கும் டைல்ஸ் தரையும் கருவிக்கு அடையாளப் புள்ளிகளைத் தருவதில்லை. படங்களும் நாட்காட்டியும் உள்ள சுவர் நல்லது.

வெளிச்சம்: மின்தடை ஏற்பட்டால் கருவி தன் மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் இருட்டில் கேமராவுக்கு அறை தெரியாது. காட்சி தடுமாறும், உடனே நின்றுவிட வேண்டும். இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவில் வருகிறது. விளக்கு மினுமினுப்பது போலத் தெரிந்தால், அமைப்புகளில் 50 ஹெர்ட்ஸ் எனத் தேர்ந்தெடுக்கும் வசதி சில கருவிகளில் உண்டு.

வெயில்: மொட்டைமாடியிலோ வாசலிலோ கருவியை வெயில் படும்படி வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வில்லைகள், பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பது போல, சூரிய ஒளியைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். சன்னல் வழியே விழும் வெயிலுக்கும் இது பொருந்தும்.

வியர்வை: அரை கிலோ எடையுள்ள கருவி முகத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். கோடையில் விரைவில் வியர்த்து வில்லை பனிமூட்டம் போல மங்கும். ஒருவர் அணிந்ததை அப்படியே அடுத்தவர் அணிவது தோலுக்கும் கண்ணுக்கும் நல்லதல்ல. துடைத்துக் கொடுக்க வேண்டும்.

ஓசை: விசைத்தறி ஓடும் தெருக்களில் பந்து பட்ட ஒலி கேட்காது. ஒலியைக் கூட்டி வைத்தாலோ, வீட்டார் கூப்பிடுவது கேட்காது. ஆடுபவர் அருகே பெரியவர் ஒருவர் இருப்பது நன்று.

இல்லாத மேசை: நீண்ட நேரம் ஆடியவர்கள் மெய்நிகர் மேசை மேல் கையை ஊன்றவோ, கன்ட்ரோலரை அதன் மேல் வைக்கவோ முற்படுவதுண்டு. சாய்ந்தவர் விழுவார், வைத்த பொருள் உடையும். கண் நம்பியதை மனம் மறுப்பதற்கு முன் உடல் சாய்ந்துவிடும். அவ்வப்போது கருவியைக் கழற்றி ஓய்வெடுப்பது இதற்கு மருந்து.

மணிக்கட்டு வாரைக் கட்டாயம் மாட்ட வேண்டும். மேலும், அறையின் அமைப்பை அளந்து வைத்திருக்கும் கருவி இது. வீட்டின் உட்புறக் காட்சியை எந்தச் செயலி கேட்கிறது என்பதைப் பார்த்தே அனுமதி தர வேண்டும்.

உடற்பயிற்சிக்கு ஈடாகுமா?

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறுகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும்.

2007ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு ஒன்று, 13 முதல் 15 வயது வரையுள்ள 11 பேரை வீ கருவியில் டென்னிஸ், குத்துச்சண்டை, பௌலிங் ஆடச் செய்து அளந்தது. உட்கார்ந்து ஆடும் கணினி விளையாட்டைக் காட்டிலும் இவற்றில் ஆற்றல் செலவு கூடுதல்; ஆனால் உண்மையான அதே விளையாட்டுக்கு ஈடாகவில்லை என்பது அதன் முடிவு. அது பழைய கருவி. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்களும் சிலரே. எனினும் காரணம் இன்றும் மாறவில்லை. ஆறரை அடிச் சதுரத்துக்குள் ஓட முடியாது. பந்து பொறுக்க ஓடுவதும், எல்லைக்கோட்டுக்கு விரைவதும், மூச்சிரைக்கத் திரும்பி வருவதும் இங்கில்லை. குத்துச்சண்டை, உடற்பயிற்சிச் செயலிகளில் நன்றாக வியர்க்கும். இதயத் துடிப்பும் ஏறும். ஆனால் கை வெற்றுவெளியில் பாய்வதால், முழங்கை மூட்டு முழுவதும் நீண்டு சுளுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இதனை மைதானத்தோடு ஒப்பிட்டால் குறைவு. சோபாவில் படுத்துக் கைப்பேசி பார்ப்பதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

கண்ணும் குழந்தைகளும்

கட்டைவிரலை மூக்குக்கு அருகே கொண்டுவந்தால், இரு கண்களும் உட்புறம் திரும்பும். கண்ணின் வில்லையும் கிட்டத்தில் பார்க்கத் தன்னை மாற்றிக்கொள்ளும். இவ்விரு செயல்களும் இயல்பாகச் சேர்ந்தே நடப்பவை. தலைக்கருவியில் பந்து அருகே வரும்போது கண்கள் உட்புறம் திரும்புகின்றன. ஆனால் திரையின் ஒளியோ எப்போதும் ஒரே நிலையான தொலைவிலிருந்து வருவது போலவே குவிகிறது. இந்த முரணே கண் அயர்வுக்கும் தலைவலிக்கும் ஒரு காரணம்.

தலைசுற்றல் வேறு. உடல் நின்றிருக்கக் கண்ணுக்கு மட்டும் உலகம் ஓடினால் காதிலுள்ள சமநிலை உறுப்பும் கண்ணும் முரண்படும். கலப்பு மெய்ம்மையில் அறை நின்ற இடத்திலேயே தெரிவதால் இத்தொல்லை மெய்நிகர் உண்மையைவிடக் குறைவு.

மெட்டா நிறுவனம் முதலில் 13 வயதை வரம்பாக வைத்திருந்தது. 2023ஆம் ஆண்டு, பெற்றோர் நிர்வகிக்கும் கணக்குடன் 10 வயது வரை இறக்கியது. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு இது ஏற்றதல்ல. திறந்த வெளியில் பகல் வெளிச்சத்தில் செலவிடும் நேரம், குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வீட்டு விளையாட்டு எவ்வளவு வியர்க்க வைத்தாலும் அந்த வெளிச்சத்தைத் தர முடியாது.

யாருக்குப் பயன்?

வெளியே போக இயலாதவர்களுக்கு இது உண்மையிலேயே ஒரு வாசல். முதியோர், நோயிலிருந்து தேறிவருபவர்கள், மருத்துவர் அல்லது இயன்முறை மருத்துவர் அறிவுரையின்படி நின்றோ உட்கார்ந்தோ ஆடலாம். தனியே வாழும் பெற்றோர், வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு ஒரு மேசையில் பந்தாடலாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தெருவில் பாண்டியும் பந்தும் ஆடிய சிறுமி, பெரியவளானதும் வீட்டுக்குள் இருத்தப்படும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் முற்றிலும் போகவில்லை. அவளுக்கு இக்கருவி மட்டை பிடிக்கும் வாய்ப்பை மீண்டும் தருமானால் மகிழ்ச்சியே. ஆனால் 'வீட்டிலேயே ஆடலாமே, மைதானம் எதற்கு?' என்று கேட்பதற்கு அதுவே காரணமாகிவிடக் கூடாது. பள்ளி மைதானமும் அங்கே அவளுக்கு ஒரு விளையாட்டு நேரமும் எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய முடியாதவை.

விலையும் ஒரு தடை. அறிமுகத்தின்போது குவெஸ்ட் 3எஸ் 300 டாலர், குவெஸ்ட் 3 ஏறத்தாழ 500 டாலர், விஷன் ப்ரோ ஏறத்தாழ 3,500 டாலர். இவற்றில் விலை குறைந்ததன் பணத்துக்கே ஒரு வகுப்புக்குத் தேவையான பந்து, வளையம், பூப்பந்து மட்டை, கேரம் பலகை எல்லாம் வாங்கிவிடலாம். கருத்தை மட்டும் தெரிந்துகொள்ள விரும்பும் மாணவர்களுக்கு ஓரளவு புதிய கைப்பேசியே போதும். தரையை அறிந்து அதன் மேல் கூடைப்பந்து வளையத்தை நிறுத்திக் காட்டும் எளிய செயலிகள் கைப்பேசியில் கிடைக்கின்றன.

கருவி இல்லாமல் செய்து பார்க்க

வகுப்பிலோ வீட்டிலோ இதைச் செய்து பார்க்கலாம். தரையில் 2 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வரையுங்கள். செய்தித்தாளைச் சுருட்டி மட்டையாகப் பிடித்துக்கொண்டு, சதுரத்தின் நடுவில் நின்று மெதுவாக நாற்புறமும் மேலும் வீசுங்கள். தாள் எதையெல்லாம் தொடுகிறது என்று ஒரு தோழர் குறித்துக்கொள்ளட்டும். பிறகு சதுரத்தின் ஓரத்தில் நின்று அதையே செய்யுங்கள். பட்டியல் நீளும். அந்தப் பட்டியல்தான் உங்கள் அறையின் ஆபத்து வரைபடம். தலைக்கருவி எல்லைக்கோடு போட்டு எச்சரிப்பதும் ஏறத்தாழ இதே வேலையைத்தான். ஆனால் அது எச்சரிப்பது பெரும்பாலும் தரையில் நிற்கும் இடத்தை வைத்தே. மேலே சுற்றும் விசிறியைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

தொகுப்புரை

கலப்பு மெய்ம்மை, வீட்டை மறைக்காமல் வீட்டையே ஆடுகளமாக்குகிறது. கண்ணுக்கும் கைக்கும் உள்ள ஒத்திசைவு, நேரக் கணிப்பு, உடலசைவு ஆகியவற்றை அது தருகிறது. எடை, ஓட்டம், வெயில், அருகில் நின்று வழக்கிடும் கூட்டாளி ஆகியவற்றை அது தருவதில்லை. இலேசான பொருளை வைத்து ஆடும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அறையைச் சரிசெய்து, இடையிடையே ஓய்வெடுத்து ஆடினால் இது நல்ல பொழுதுபோக்கு. மழை நாளிலும், உடல் வெளியே போக இடங்கொடாத நாளிலும் கைகொடுக்கும். மற்ற நாள்களில், கரிக்கோட்டு ஸ்டம்ப் போட ஒரு சுவரும் பந்து வீச ஒரு நண்பரும் கிடைத்தால், அந்த ஆட்டத்துக்கே முதலிடம் தர வேண்டும்.